விரலா, கையா? லிஃபிக்கரை அவர்களே, பதில் சொல்லுங்கள்

மூன்றாம்விசில்:
நேற்று இன்னொரு இழையில் நண்பர் லிஃபிக்கரை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: "கோனலி லைன்ஸ்மேன் மேல் ஒரு விரல் வைத்தார், 12 வாரம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கேலிக் விளையாட்டில் ரெஃபரிக்கு மரியாதை இல்லை என்பதெல்லாம் கதை. ரெஃபரிகள்தான் தொட்டாற்சிணுங்கிகள்."

தெரியாதவர்களுக்காக: கேலிக் என்பது அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகள். 2017 ஜூன், போர்ட்லீஷ் மைதானம், கேலிக் ஃபுட்பாலில் லெய்ன்ஸ்டர் மாகாணக் காலிறுதி, டப்ளினும் கார்லோவும். கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கார்லோவுக்குக் கொடுத்ததும் டப்ளினின் டீர்முட் கோனலி நேராக லைன்ஸ்மேனிடம், அதாவது கோட்டோரம் நிற்கும் துணை ரெஃபரியிடம், போய் அவர் நெஞ்சில் கை வைத்தார். விரல் இல்லை ஐயா, கை.

நான் கில்டேரில் இருக்கிறேன். பையனை ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் கேலிக் ஆட்டம்) பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் ஆள் இல்லை என்று விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பெட்ரோல் காசு தருவார்கள், அவ்வளவுதான் வருமானம். போன மாதம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டம். ஒரு அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். என் கண்ணாடியில் ஆரம்பித்தவர், நான் எந்த ஊருக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய பிள்ளை ஹர்லி மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு புல்லைப் பார்த்தபடி நின்றது. தொட்டாற்சிணுங்கி யார் என்று இப்போது சொல்லுங்கள்.

லிஃபிக்கரை:
உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் கோனலிக்கும் என்ன சம்பந்தம்? நான் எழுதியது ஒரு விரலைப் பற்றி. அந்தக் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பேன். சுட்டிக் காட்டப்போன விரல் பட்டது. பட்டது வேறு, வைத்தது வேறு. பேருந்தில் நம் மேல் படாத கையா?

டன்டாக்செல்வி:
டப்ளின்காரர்களுக்கு 12 வாரம் பெரிய துக்கம். எங்கள் லவுத் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) 2010-இல் நடந்தது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? லெய்ன்ஸ்டர் இறுதி ஆட்டம், டப்ளினின் குரோக் பார்க் மைதானம். 1957-க்குப் பிறகு கோப்பையைத் தொடவே இல்லை. ஒரு பாயிண்ட் முன்னிலை, நேரமும் முடிந்துவிட்டது. மீத் அணியின் ஷெரிடன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டுக்குள் விழுகிறார், ரெஃபரி கோல் கொடுக்கிறார். மீத் 1-12, நாங்கள் 1-10 (முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட்; ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட்). தப்பு என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு என்ன பயன்? மறு ஆட்டம் தருவதை மீத் கையில் விட்டார்கள், மீத் தரவில்லை.

மூன்றாம்விசில்:
செல்வி அக்கா, அன்றைக்கு விசில் அடித்ததும் உங்கள் ஆட்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய் அந்த ரெஃபரியை என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். கார்டாக்கள் (அயர்லாந்து போலீஸ்) சூழ்ந்து நின்று வெளியே கொண்டுபோனார்கள்.

டன்டாக்செல்வி:
நான் ஓடவில்லை தம்பி. நான் வீட்டில் டிவி முன்னால் இருந்தேன். கையில் இருந்த கரண்டியைச் சுவரில் எறிந்தேன், அது வேறு விஷயம்.

லிஃபிக்கரை:
பார்த்தீர்களா, லவுத்தில் தள்ளினார்கள், இடித்தார்கள். அது தாக்குதல். கோனலியுடையது விரல். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

வேடிக்கைபார்ப்பவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விதிப்புத்தகத்தில் குற்றத்தின் பெயரே "சிறு அளவிலான உடல் குறுக்கீடு". கை வைத்தல், தள்ளுதல், இழுத்தல், இடித்தல் எல்லாம் அதற்குள் வரும். அன்றைக்கு அதற்குக் குறைந்தபட்சத் தடை 12 வாரம். விரல், உள்ளங்கை என்று பிரித்து எதுவும் சொல்லவில்லை. ஆகவே இந்த விவாதம்...

லிஃபிக்கரை:
விதியைப் பற்றி யார் கேட்டது? விரலா இல்லையா என்பதுதான் கேள்வி.

மூன்றாம்விசில்:
அதேதான். விரல் இல்லை என்பதுதான் பதில்.

கார்க்காரன்:
ஃபுட்பால்காரர்கள் சண்டை எப்போதும் இப்படித்தான். ஹர்லிங்கில் நாங்கள் வாயால் பேசுவதில்லை, உட்கார்ந்து காட்டுவோம். 1998 அகில அயர்லாந்து அரையிறுதி மறு ஆட்டம், கிளேரும் ஆஃபலியும். கிளேர் மூன்று பாயிண்ட் முன்னிலை. ரெஃபரி ஜிம்மி கூனி இரண்டு நிமிடம் முன்னதாகவே விசில் அடித்துவிட்டார். ஆஃபலி ரசிகர்கள் ஒருத்தரையும் அடிக்காமல் குரோக் பார்க் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் தர்லஸில் மறுபடி ஆட்டம், ஆஃபலி ஜெயித்தது, அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்கே. இதுதான் நாகரிகம்.

மூன்றாம்விசில்:
நாகரிகமா? அந்த ரெஃபரி வீட்டுத் தொலைபேசியில் வந்த வசவு எந்தக் கணக்கில் சேரும்? மனிதர் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தார், அவ்வளவுதானே. சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையில் ஒரு தப்பு. உங்கள் ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் செய்யாத தப்பா?

கார்க்காரன்:
என் ஆபீஸை இதில் எதற்கு இழுக்கிறீர்கள்? அரிசி மூட்டை விலை இழையிலும் இப்படித்தான் என் வேலையை இழுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

லிஃபிக்கரை:
இதில் லைன்ஸ்மேன் என்றால் யார் என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஊரில் என் சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "லைன்மேன் மேல கை வெச்சா கரண்ட் கட் பண்ணிருவானே" என்றார்.

தமிழில்எழுது:
அதற்குத்தான் கோட்டு நடுவர் என்ற அழகான சொல் இருக்கிறது. ரெஃபரிக்கு நடுவர். அம்பயருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கொடி ஆட்டுகிறவரை நடுவர் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

டன்டாக்செல்வி:
2010-இல் அவர்களில் ஒருவராவது கோல் என்று காட்டும் பச்சைக் கொடியை எடுக்காமல் இருந்திருக்கலாம். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடியுங்கள்.

மூன்றாம்விசில்:
லிஃபிக்கரை அவர்களே, ஓடி ஒளியாதீர்கள். விரல்தான் பட்டது என்றால் டப்ளின் ஏன் மேல்முறையீடு செய்யவில்லை? 12 வாரத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்களே. ஜிஏஏவில் (கேலிக் விளையாட்டுச் சங்கத்தில்) முறையிட எத்தனை படி இருக்கிறது! சின்னச் சின்ன சிவப்பு அட்டைக்கெல்லாம் ஏறி இறங்குகிறார்கள்.

லிஃபிக்கரை:
பெருந்தன்மை. அதோடு, டிவியில் விமர்சகர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு எந்தக் குழு நியாயமாகப் பார்த்திருக்கும்? பயிற்சியாளர் ஜிம் கேவின் கோபத்தில் அடுத்த ஆட்டம் முடிந்து டிவிக்குப் பேட்டியே தரவில்லை. கோனலி பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். அப்புறம் என்ன ஆயிற்று? ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தார். செப்டம்பரில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி, கடைசி நிமிடங்களில் ஃப்ரீ கிக் வாங்கிக் கொடுத்தார். டீன் ராக் அடித்தார், மாயோவை ஒரே பாயிண்டில் ஜெயித்தோம். 1-17, 1-16. விரலுக்கு இதுதான் பதில்.

மூன்றாம்விசில்:
அதே ஜிம் கேவின்தானே பிறகு ஃபுட்பால் விதிகளைத் திருத்திய குழுவுக்குத் தலைவர்? 2025-இல் வந்த புது விதியை வாசித்தீர்களா? ரெஃபரியிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். மற்றவர் வாய் திறந்து எகிறினால் ஃப்ரீயை 50 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். வாய்க்கே 50 மீட்டர் என்று எழுதினவர் உங்கள் கேவின். கைக்கு 12 வாரம் அதிகமா?

லிஃபிக்கரை:
கைக்கு அதிகமில்லை. விரலுக்கு அதிகம்.

கார்க்காரன்:
50 மீட்டர் எல்லாம் ஃபுட்பாலோடு வைத்துக்கொள்ளுங்கள். ஹர்லிங்கை யாராவது தொட்டால் தெரியும்.

மூன்றாம்விசில்:
தொட்டுத்தான் ஆகவேண்டும். 2022 ஆகஸ்டில் ரோஸ்காமன் கவுண்டியில் இளையோர் ஆட்டத்தில் ஒரு ரெஃபரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வார இறுதியில் கவுண்டி முழுக்க ஆட்டங்களை நிறுத்தினார்கள். அதுவும் ஒரு நாளில் வந்துவிடவில்லை, முதலில் விரல், அப்புறம் கை, அப்புறம்தான் அது. கில்டேரில் என்னோடு விசில் பிடிக்க ஆரம்பித்த மூன்று பேரில் இன்றைக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்.

லிஃபிக்கரை:
"முதலில் விரல்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. இழையை மூடலாம்.

மூன்றாம்விசில்:
பேச்சுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்!

வேடிக்கைபார்ப்பவன்:
விதிப்புத்தகத்தில் "கை வைத்தல்" என்று...

லிஃபிக்கரை:
நண்பரே, நீங்கள் எந்தக் கவுண்டி? கவுண்டி சொல்லாதவர்கள் இந்த இழையில் நீதிபதி ஆகவேண்டாம்.

வேடிக்கைபார்ப்பவன்:
கார்லோ.

டன்டாக்செல்வி:
ஆஹா! அன்றைக்கு 0-19, 0-7 தோற்ற கார்லோவா? அதானே பார்த்தேன், விதிப்புத்தகத்தோடு வந்திருக்கிறார். போகட்டும், எங்களுக்கு 2025-இல் கடவுள் கண் திறந்தார். அதே மீத்தை இறுதி ஆட்டத்தில் அடித்து லெய்ன்ஸ்டர் கோப்பை வாங்கினோம். 68 வருடம். அன்றைக்கு ரெஃபரி யார் என்றுகூட நான் பார்க்கவில்லை.

மூன்றாம்விசில்:
ஜெயித்தால் பார்க்க மாட்டீர்கள் அக்கா. தோற்றால் அவர் அம்மா வரைக்கும் தெரியும்.

டன்டாக்செல்வி:
இது தனிமனிதத் தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

லிஃபிக்கரை:
மூன்றாம்விசில் சாருக்குக் கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நொடியாகப் படம் பிடித்துப் போடுகிறேன். நகம் தெரியும். நகம் தெரிந்தால் விரல்.

மூன்றாம்விசில்:
போடுங்கள். உள்ளங்கைக்கும் மேலே நகம் இருக்கத்தான் செய்யும். அதைவிட, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு ஆட்டம். மழை என்கிறார்கள். வந்து கோட்டுக்குப் பக்கத்தில் என்னோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள், காதில் விழுவதைக் கேளுங்கள். கொடி நான் தருகிறேன்.

லிஃபிக்கரை:
சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. விரல்தான்.