மறு: எஃபெக்டிவ் டோஸ் – 'பயனுறு அளவு' சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கதிரால் உடம்புக்கு வரும் ஆபத்தைக் கணக்கிடும் 'எஃபெக்டிவ் டோஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சு, 'பயனுறு அளவு' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் ஒரு தடை சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் களியக்காவிளை மாமி ஒருவருக்கு வயிற்றில் சிடி ஸ்கேன் எடுக்கத் துணைக்குப் போனேன். ஒரு விளக்கத் தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். தமிழில் 'பயனுறு கதிரியக்க அளவு' என்றிருந்தது. மாமி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மக்களே, இதுல நமக்கு என்ன பயன் கிட்டும்?" என்று கேட்டார்.

முதலில் 'கதிரியக்கம்' தப்பு. அது தோரியம் போன்றவை தாமே சிதைகிற குணம். தோரியம் கலந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கு அந்தச் சொல் பொருந்தும். சிடி எந்திரத்தில் வருவது எக்ஸ் கதிர். சுவிட்சை அணைத்தால் தீர்ந்தது. மாமி வீட்டுக்கு எதையும் சுமந்து வரவில்லை. 'கதிர்வீச்சு' போதும்.

அடுத்து 'பயனுறு'. ஒரு கிலோ திசு எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டது என்பது கிரே என்ற அலகில் சொல்லும் கணக்கு. வயிற்றில் மட்டும் விழுந்ததை, உடம்பு முழுக்கச் சீராக விழுந்திருந்தால் எவ்வளவுக்குச் சமமான ஆபத்து என்று மாற்றிச் சொல்வதுதான் எஃபெக்டிவ் டோஸ், அது சீவர்ட் என்ற அலகில் வரும் கணக்கு. இதில் பயன் எங்கே வந்தது?

மாமியின் ரிப்போர்ட் கடைசிப் பக்கத்தில் டி.எல்.பி. 600 என்று இருந்தது, மில்லிகிரே-சென்டிமீட்டரில். ஸ்கேன் முழுதுக்கும் எந்திரம் கொடுத்த கதிரின் கணக்கு அது. பெரியவர்களின் வயிற்றுக்கு வழக்கமான பெருக்கெண் 0.015. பெருக்கினால் 9 மில்லிசீவர்ட். தோராயக் கணக்குதான். மண், காற்று, வானம் என்று இயற்கையில் வருவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4. கிட்டத்தட்ட நாலு வருஷத்துப் பங்கு. "அப்போ மணலுக்குப் பக்கத்துல இருக்கப்பட்டவங்களுக்கு இன்னும் கூடுமே" என்றார் மாமி. சொல்லைத் திருத்தியதும் கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

'அளவு' என்பதையும் விட்டுவிடலாம். 'அதிக அளவு கதிர் அளவு' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு இடறும். கிரேயில் சொல்வதற்குக் 'கதிரேற்பு', சீவர்ட்டில் சொல்லும் இந்தக் கணக்குக்கு 'முழுவுடல் ஈடு' – இவை என் முன்மொழிவு. 'ஈடு' என்றால் இழப்பீடு என்று நினைப்பார்களே, 'நிகர்' போடலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். 'நிகர்' ஈக்விவலன்ட் டோஸுக்கு வேண்டும்; அது கதிரின் வகையைப் பார்த்து ஒவ்வோர் உறுப்புக்கும் தனியாகப் போடும் கணக்கு. அதை இங்கே செலவழிக்க மனமில்லை.

விளக்கத் தாளைத் திருத்தித் தருவதாக ஸ்கேன் மையத்தில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்குள் மறுப்பு வராவிட்டால் இந்த இரண்டையும் போட்டு அனுப்பிவிடுவேன்.