புளித்த களி குடித்தால் குடல் புற்றுநோய் வராதா?

பென்னாகரத்தான்:
ராத்திரி மிஞ்சிய கேழ்வரகுக் களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் ஊற்றிக் கையாலேயே கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் கொல்லை வேலைக்குப் போவார்கள். அந்தத் தலைமுறையில் குடல் புற்றுநோய் என்று யாராவது கேள்விப்பட்டோமா? புளித்த கேழ்வரகு குடித்தால் அது அண்டாது. பரோட்டாவுக்கு மாறியபிறகுதான் எல்லாம் வருகிறது.

காவேரிப்பட்டணம் செல்வி:
அண்ணா, கரைத்த களி எனக்கும் உயிர். ஆனால் அண்டாது என்று எழுதாதீர்கள். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தொகுத்த ஆய்வுகளின்படி, தினமும் 90 கிராம் முழு தானிய உணவு சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 17 சதவீதம் குறைவு. நல்ல விஷயம்தான், ஆனால் குறைவு வேறு, வராது வேறு. அதுவும் அந்தக் கணக்கு முழு தானியத்துக்கு, புளிப்புக்கு இல்லை.

பென்னாகரத்தான்:
தங்கச்சி, உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவர், நார்ச்சத்து நிறையச் சாப்பிடும் ஆப்பிரிக்க கிராமத்தாருக்கு இந்தப் புற்றுநோய் மிக அரிது என்று 1971லேயே எழுதிவிட்டார். அங்கேயும் கேழ்வரகு விளைகிறது. 2015இல் வந்த ஆய்வில், தென்னாப்பிரிக்க கிராமத்துச் சாப்பாட்டை அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இரண்டே வாரம் கொடுத்ததில் குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் கூடி, அழற்சி குறைந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

காவேரிப்பட்டணம் செல்வி:
பியூட்டிரேட்டை உண்டாக்குவது பெருங்குடலில் இருக்கும் கிருமிகள், நார்ச்சத்தைத் தின்று. பானையில் புளித்தாலும் புளிக்காவிட்டாலும் அது நடக்கும். கூழ் மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சும்போது அதிலிருந்த கிருமி செத்துப் போகிறது, பிறகு ராத்திரி தண்ணீரில் ஊறும்போது வளர்வதும் மறுநாள் ஊற்றும் மோரில் இருப்பதும்தான் உயிரோடு இருக்கும். புளித்தால், இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து இரும்புச்சத்து நன்றாகச் சேரும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் பாலிப் (குடல் சுவரில் வளரும் சின்னக் கட்டி) எடுத்த 2,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேரை 4 ஆண்டு நார்ச்சத்து கூட்டி, கொழுப்பு குறைத்துச் சாப்பிட வைத்தார்கள். 2000இல் முடிவு வந்தது. பாலிப் திரும்ப வருவது குறையவில்லை.

ஊத்தங்கரை மணி:
நடுவில் ஒன்று. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார், தீட்டிய அரிசியில் 3கூட இல்லை. மில்லில் அரைத்த மாவை நைசாகச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட்டால் இந்தச் சண்டையே வீண். தர்மபுரியில் 2023லிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்களே, அதை வாங்கி அரைத்து அப்படியே கிண்டுங்கள்.

பென்னாகரத்தான்:
மணி சொல்வது சரி. செல்வி, 4 ஆண்டில் என்ன தெரியும்? பாலிப் புற்றாக மாறவே 10 ஆண்டு பிடிக்கும் என்கிறார்கள். சின்ன வயதிலிருந்து களி தின்றவனையும் நாற்பதில் ஆரம்பித்தவனையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது.

காவேரிப்பட்டணம் செல்வி:
அந்த 10 ஆண்டுதானே அண்ணா கொலோனோஸ்கோப்பியில் (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) பாலிப்பைப் பார்த்து எடுத்துவிட நமக்குக் கிடைக்கும் நேரம்! அமெரிக்காவில் 45 வயதிலேயே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். என் பெரியப்பா சின்ன வயதிலிருந்து களி தின்ற மனிதர். மலத்தில் ரத்தம் போனதும் மூலச்சூடு என்று மோரும் வெந்தயமுமாகவே ஓட்டினார். டாக்டரிடம் போனபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. களியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். ரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறினாலோ டாக்டரிடம் போகச் சொல்லி அதே பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.