பொருள்: மறு: டிரை ஜாயின்டுக்குத் தமிழ் – ‘உலர் மூட்டு’ வேண்டாம், ‘பொய்ப்பிடி’ என்போமா?

> டிரை ஜாயின்டுக்கு ‘உலர் மூட்டு’, கோல்ட் ஜாயின்டுக்கு ‘குளிர் மூட்டு’ என்று போட்டுவிடலாம். கேட்டதும் விளங்கும்.

எனக்கு விளங்கவில்லை ஐயா. மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்த (சோல்டர் செய்த) ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பைத்தானே இரண்டும் சொல்கின்றன? உலர் மூட்டு என்றால் எங்கள் வீட்டில் மூட்டுவலிக்குப் பூசும் சித்தாலேப தைல டப்பாவைத்தான் தேடுவார்கள். உருகிய ஈயம் செம்பின்மேல் தண்ணீர்போலப் படர்வதை ஆங்கிலத்தில் நனைதல் என்கிறார்கள். படராவிட்டால் அவர்களுக்கு அது உலர்ந்தது. நமக்கு அந்த உவமையே இல்லாதபோது உலர்ந்தது மட்டும் எதற்கு?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த 48 கிலோபைட் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. 1982இல் வெளிவந்த ரகம். பின்பக்கம் பலகையின் விளிம்பு வெளியே தெரியும், மேலே 28 கீழே 28 தொடுகைகள். அதில் செருக, கெம்ப்ஸ்டன் முறையில் (ஸ்பெக்ட்ரத்தில் ஜாய்ஸ்டிக்கை இணைக்கும் பரவலான முறை) ஒரு ஜாய்ஸ்டிக் பலகை செய்தேன். கணினி 31ஆம் வாயிலை (போர்ட்) படித்தால் வலம், இடம், கீழ், மேல், சுடு என்று ஐந்து பிட் வரவேண்டும், வேலை அவ்வளவுதான்.

விளையாட்டைப் போட்டதும் ஆள் தானாகவே வலப்பக்கம் ஓடுகிறான். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றினாலும் ஓடுகிறான். முதலில் ஈரத்தைத்தான் சந்தேகித்தேன். இலங்கை மலையகத்து ஹட்டனில் ஆடி மாதம் நெருப்புக்குச்சியே பற்றாது. தொடுகைகளை அழிறப்பரால் தேய்த்தும் ஓட்டம் நிற்கவில்லை. தற்செயலாகப் பலகையை விரலால் அழுத்தினேன், நின்றான். விரலை எடுத்தேன், மறுபடி ஓட்டம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், வலத்துக்கான உள்ளீட்டைத் தரையோடு (கிரவுண்ட்) கட்டிவைக்கும் தடையியின் (ரெசிஸ்டர்) ஒரு கால். ஈயம் முத்துமாதிரிப் பளபளவென்று திரண்டு காலோடு ஒட்டியிருக்கிறது. அதன் அடியில், செம்பைத் தொடவேண்டிய இடத்தில், மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு. அந்த இடம் தரைக்கான அகலச் செம்புப் பரப்பு. நான் காட்டிய சூட்டையெல்லாம் அது குடித்துவிட்டது. பலகையிலுள்ள 74எல்எஸ்244 சில்லின் கட்டு அவிழ்ந்த உள்ளீடு தன்னை ஒன்று என்றே நினைத்துக்கொள்ளும். அதுதான் அந்த ஓட்டம்.

பக்கத்தில் நின்று பார்த்த அம்மா 30 வருடம் தோட்டத்துத் தவறணையில் வேலை செய்தவர். (யாழ்ப்பாண நண்பர்கள் கள்ளுக்குப் போய்விட வேண்டாம். மலையகத்தில் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம்.) ஓர் இலையோடு ஒரு துண்டுத் தண்டை வெட்டிப் பையில் நடுவார்கள். இலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். மண்ணில் புளிப்புப் போதாவிட்டால் வெட்டுவாயில் முண்டு மட்டும் கட்டும், வேர் விடாது. “புடிச்ச மாதிரியே நிக்கும்டா, லேசா இழுத்தா கையோட வந்துரும்” என்றார்.

ரேடியோ திருத்துகிறவர்களும் “ஈயம் பிடிக்கல” என்றுதானே சொல்கிறார்கள்? வினை ஏற்கனவே தொழிலில் இருக்கிறது. பொய்க்கால், பொய்முடி வரிசையில் பொய்ப்பிடி. சூட்டையும் ஈரத்தையும் விடுங்கள். ஆளை ஏமாற்றுவதுதான் இதன் குணம்.

— ஹட்டனிலிருந்து

* * *

> பொய்க்கால், பொய்முடி வரிசையில் பொய்ப்பிடி.

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு தடை. சோல்டருக்குப் ‘பற்றாசு’ என்ற தட்டார் சொல் இருக்கிறது. அப்படியானால் ‘பொய்ப்பற்று’தானே முறை?

மற்றது, 40 வருடம் ஒழுங்காக உழைத்து இப்போது வெடித்த ஈயத்தைப் பொய் என்பது அநியாயம். அதே ஸ்பெக்ட்ரத்தில் 7805 மின்னழுத்தச் சீராக்கியின் கால்களைப் பாருங்கள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, காலைச் சுற்றி வளையமாகக் கீறிவிடும். காலைக் குளிரில் ஓடும், பத்து நிமிடத்தில் படுத்துவிடும். அது பொய் சொல்லவில்லை, களைத்துவிட்டது.

— கண்டியிலிருந்து

* * *

பற்றாசு நல்ல சொல், சோல்டருக்கு அதுவே இருக்கட்டும். ஆனால் நம் நாட்டில் பற்று என்றதும் பற்றுச்சீட்டு நினைவுக்கு வரும். ‘பொய்ப்பற்று’ கள்ள பில் மாதிரிக் கேட்கிறது. இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டேன். பிடித்திருந்து பின்னால் விட்டுப்போனதற்கு வாய்வழக்கே இருக்கிறது: “பிடி விட்டுப்போச்சு”. ஆகவே உங்கள் 7805 ‘பிடிவிடல்’, என் தடையி ‘பொய்ப்பிடி’. பற்றவைக்கும்போது கால் அசைந்து கெட்டதை எதில் சேர்ப்பது என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி 190 அளவில்தான் முழுதாக உருகும். ஆறும்போது அந்த ஏழு பாகைக்குள் கால் ஆடினால் மேற்பரப்பு மங்கி மணல்மாதிரி ஆகும். பிறப்பிலேயே வந்த குறை என்பதால் அதுவும் பொய்ப்பிடிதான்.

நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸ் பாக்கி. ‘இளக்கி’ என்று வேதியியலில் உண்டு, கடையில் கேட்டால் பேஸ்ட் என்றுதான் தருகிறார்கள். அதற்குத் தனி மடல் போடுவோம்.

தனிமடலில் கேட்டவர்களுக்கு: தடிமனான முனை மாட்டி, செம்பையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தேன். ஆள் இப்போது சொன்னால்தான் ஓடுகிறான்.

— ஹட்டனிலிருந்து