75 லிட்டர் தொட்டியில் ஓடி ஒளிய இடமில்லை

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் ஒரு உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. நீளம் 60 செ.மீ., கொள்ளளவு 75 லிட்டர். கல்லும் மணலும் போக 60 லிட்டர் தண்ணீர் தேறும். எந்த உயிரை எதோடு சேர்க்கலாம் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் தொட்டியில் நடந்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை ஐந்து வாரம் காத்திருந்தேன். முதலில் வந்தது ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் கோமாளி மீன். கடையில் ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் பார்த்து எடுத்தேன். இந்த மீன் எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும், பிறகு ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். அளவில் வித்தியாசம் இருந்தால் சண்டை சீக்கிரம் ஓய்ந்துவிடும். என் ஜோடி இரண்டே நாளில் சமாதானமாகிவிட்டது.

மூன்றாவதாக சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீனை வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும். ஊதா உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள். 'ரீஃப் சேஃப்' என்று கடைக்காரர் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பவளத்தைத் தின்னாது என்று மட்டும்தான் பொருள். பக்கத்து மீனை என்ன செய்யும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஃபயர்ஃபிஷ் விட்டேன். வெள்ளை முகம், சிவந்த வால், முதுகில் ஊசிபோல நிமிர்ந்த துடுப்பு. பயந்த சுபாவம் உள்ள மீன். அதற்குள் அந்த ராஸ் தொட்டி முழுவதையும் தன் வீடாக்கிக்கொண்டிருந்தது. ஃபயர்ஃபிஷ் கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டும்போதெல்லாம் பாய்ந்து விரட்டும். பெரிய தொட்டியாக இருந்தால் துரத்தப்படும் மீன் மறுகோடிக்குப் போய் மூச்சு விடலாம். 60 செ.மீ. தொட்டியில் மறுகோடி எங்கே இருக்கிறது? நான்காம் நாள் காலை ஃபயர்ஃபிஷ்ஷைக் காணவில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், வயர்களுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. மூடியின் மூலையில் வயருக்காக நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகக் குதித்திருக்கிறது. கையில் எடுத்தபோது எடையே இல்லை. அன்று வேலைக்குக் கிளம்பவே மனம் வரவில்லை.

ராஸைப் பிடிக்க எல்லாக் கல்லையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வாளியில் கற்கள், வாளியில் பவளங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அடங்கிய மீனை முதலில் விடுகிறேன், முரட்டு மீன் வேண்டுமென்றால் கடைசியில்தான்.

கற்களைத் திரும்ப அடுக்கும்போது மணலின்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே உட்காரவைத்தேன். அடுத்து வரப்போவது பிஸ்டல் இறால். அது குழி தோண்டும், மணல்மேல் நிற்கும் கல் சரிந்து விழும். இறாலையும் ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனையும் ஒரே நாளில் விட்டேன். இறால் வலப்பக்கக் கல்லுக்கு அடியில் போய்விட்டது, கோபி இடப்பக்க மூலையில் ஒடுங்கியது. மூன்றாம் நாள் இரவு சின்ன டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். குழி வாசலில் கோபி காவல் நிற்கிறது. பின்னாலிருந்து இறால் புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வருகிறது, மீசை ஒன்று மட்டும் கோபியின் வாலைத் தொட்டபடியே இருக்கிறது. இறாலுக்குப் பார்வை குறைவு. நான் சற்று அசைந்ததும் கோபி வாலை ஒரு துடி துடித்தது. அவ்வளவுதான், இறால் உள்ளே. சிறிய தொட்டிக்கு இதைவிட நல்ல ஜோடியை நான் பார்த்ததில்லை.

பவளத்திலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஹேமர் பவளத்தை, ஜோஅந்தஸ் என்ற பொத்தான் போன்ற பவளத்துக்கு நான்கு விரல் தள்ளி வைத்திருந்தேன். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் அது நீளமான கொடுக்கு இழைகளை வீசி அந்தப் பக்கத்து ஜோஅந்தஸையெல்லாம் சுட்டுவிட்டது. இப்போது ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். கேலக்ஸியா பவளம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் இழைகள் ஒரு சாணையும் தாண்டும்.

—

சென்னையிலிருந்து:

அக்கா, ஃபயர்ஃபிஷ் பகுதியைப் படித்துவிட்டு என் மூடியை ஒருமுறை சரிபார்த்தேன்.

எங்களுக்கு இங்கே நிலைமை வேறு. கடல்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாவற்றையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 'கிடைக்கும், சொல்லாமல் வாங்கிக்கோங்க' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும். என்னிடம் மீன், இறால், நத்தை மட்டும்தான். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கேயே உருவாக்கியிருக்கிறது, அதனால் பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அவை தொட்டிக்கும் தீனிக்கும் பழகியே வரும்.

என் தவறு இறாலில். ஒரு கிளீனர் இறால் வைத்திருந்தேன். கையை விட்டால் வந்து நகத்தடியைச் சுத்தம் செய்யும். அதனோடு ஒரு கோரல் பேண்டட் இறாலையும் விட்டேன். ஒரு நாள் காலை மணலில் முழு இறால் உருவத்தில் வெள்ளை ஓடு கிடந்தது. தோல் உரித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் மீசை மட்டும் மிதந்தது. தோல் உரித்தபின் உடம்பு மெத்தென்று இருக்கும், மற்றது அந்த நேரத்தில்தான் தாக்கியிருக்க வேண்டும். சிறிய தொட்டியில் இந்த இரண்டையும் சேர்க்காதீர்கள்.

அப்புறம், கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

—

டொராண்டோவிலிருந்து:

நான் மாண்டரின் மீனைப் பற்றிச் சொல்கிறேன். யாரோடும் சண்டைக்குப் போகாது, அழகோ சொல்லி மாளாது. ஆனால் நாள் முழுக்கக் கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும், அது தேடுவது கோப்பிபாட் (copepod) என்கிற கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஓட்டுயிர்களை. 80 லிட்டர் தொட்டியில் அவை சில வாரத்தில் தீர்ந்துவிட்டன. உறைந்த தீனியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிறு உள்வாங்கி, பக்கவாட்டில் எலும்பு தெரியத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. பெரிய, பழைய தொட்டி வைத்திருந்த நண்பரிடம் கொடுத்தேன். அங்கே தேறிவிட்டது. இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

—

ஈசூனிலிருந்து மீண்டும்:

மாண்டரின் பிழைத்தது படிக்க நிம்மதியாக இருந்தது. நான் மறுபடி ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கியிருக்கிறேன். மூடி முழுவதும் வலை அடித்தாயிற்று. கோமாளி ஜோடி பழகட்டும் என்று அதை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் பெரிய கோமாளி பெட்டியை முட்டிக்கொண்டே இருந்தது. இன்று ஐந்தாம் நாள், திரும்பியும் பார்க்கவில்லை. ஃபயர்ஃபிஷ் முதுகுத் துடுப்பை நிமிர்த்தி நிமிர்த்தி மடக்குகிறது. சனிக்கிழமை விளக்கை அணைத்தபின் திறந்துவிடப் போகிறேன்.