வர்ம அடி ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) பலிக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சிலம்பத்தோடு, வர்மம் எனப்படும் உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தாக்கும் வர்ம அடிமுறையும் படித்து வருகிறேன். 108 வர்மம், அதில் படுவர்மம் (அடிபட்டால் உயிருக்கே ஆபத்தானவை) 12, தொடுவர்மம் (அந்த அளவு ஆபத்தில்லாதவை) 96 என்ற கணக்கெல்லாம் மனப்பாடம். எதிரில் இருப்பவர் அசையாமல் கையைக் கொடுத்தால், முழங்கையின் உட்பக்க நரம்பை அழுத்தியதும் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது, பிடி தளர்ந்துவிடுகிறது. ஆனால் அவரே கிளவுஸ் மாட்டிக்கொண்டு வேகமாகக் குத்த வரும்போது அந்த இடம் விரலுக்குச் சிக்குவதே இல்லை. சிக்கினாலும், சண்டை வேகத்தில் வலி அவருக்கு உறைப்பதில்லை.

குத்துச்சண்டையில் வலது விலாவுக்கடியில் ஈரலில் விழும் குத்து ஆளையே மடக்கிவிடுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் உதைத்தால் பாதம் மரத்துப்போகிறது. இவையும் நரம்பையும் உள்ளுறுப்பையும் குறிவைப்பவைதான், ஆனால் முஷ்டியும் காலும் தவறாமல் எட்டுகிற அகலமான இடங்கள். விரல் நுனியளவு புள்ளியை நம்பி அடிதடியில் இறங்குவது ஆபத்து என்றுதான் எனக்குப் படுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்களிடம் படித்தவர்கள் சொல்லுங்கள்: எதிராளி முழுசாக எதிர்க்கும்போதும் பலித்த வர்மங்கள் எவை? நின்று அடிக்கும்போதா, கட்டிப் பிடித்திருக்கும்போதா? கழுத்துப் பக்க வர்மங்களைச் சோதித்துப் பார்க்கும்படி மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

அப்புறம், அடியைவிட அடங்கல் முறையை (வர்ம அடி பட்டவரைத் தெளியவைக்கும் முறையை) முதலில் கற்றுத்தரும் ஆசான் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாராவது இருந்தால் அவசியம் தெரிவியுங்கள்.