போடியார் மகனும் முல்லைக்காரர் மகனும்: நாவலில் சிறுவயது நட்பு (அனுபவப் பகிர்வு; பேசுகிறவர்கள் ஊர்ப் பெயரில்)

ஏறாவூர்
கதை 1980களின் கடைசி, இலங்கையின் மட்டக்களப்பு. முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் போடியாரின் (பெரிய வயற்காணிக்காரரின்) மகனும், வாவிக்கு மேற்கே தமிழர் வாழும் படுவான்கரையில் அவருடைய வயலைப் பொறுப்பாகப் பார்க்கும் முல்லைக்காரரின் மகனும் கூட்டாளிகள். இந்த மாதிரிக் கதைகளை எழுதியவர்கள், பிரதி பார்த்துத் திருத்தியவர்கள் சொல்லுங்கள்: வழக்கமாக எங்கே பிசகுகிறது?

கொக்கட்டிச்சோலை
பிள்ளைகள் சந்திக்கிற இடத்திலேயே பிசகத் தொடங்கிவிடும். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருத்திவிடுகிறார்கள். தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு. நோன்புக்கு அங்கே லீவு, இங்கே பள்ளிக்கூடம். ஒரே வகுப்புத்தான் வேண்டுமென்றால் மட்டக்களப்பு நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றுக்கு இருவரையும் கொண்டுபோக வேண்டும். முல்லைக்காரரின் மகன் அங்கே எப்படிப் போனான் என்பதற்கும் கதையில் பதில் இருக்க வேண்டும்.

இயல்பான இடம் வயல்வாடி, வயலில் போட்ட குடிசை. முன்மாரி வேளாண்மை (மாரிமழை நெல்) மாசி, பங்குனியில் வெட்டுக்கு வரும். அதற்கு முன், கதிர் பால் பிடித்த நாளிலிருந்து கிளி விரட்ட ஆள் வேண்டும். போடியாரின் மகன் சனி, ஞாயிறு வாப்பாவோடு வந்து தகரம் தட்டிக் கூச்சல் போட்டுவிட்டுப் பொழுது சாய வீட்டுக்குப் போய்விடுவான். மற்றவனுக்குத் திங்கட்கிழமையும் அதே தகரம்தான், பள்ளிக்கூடம் போகாமல். இந்த ஒன்றைச் சரியாக எழுதினால், ஏழை பணக்காரன் என்று எங்கும் விளக்க வேண்டியதில்லை. தேத்தண்ணி வரும்போது யாருக்குக் கிளாஸ், யாருக்குப் பேணி (தகரக் குவளை), யார் வாடிக்குள் இருக்கிறான், யார் வெளியே குந்தியிருக்கிறான் என்பதைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கிராமத்துப் பையன் போடியாரை 'அங்கிள்' என்று கூப்பிடமாட்டான். அவனுக்கும் அவர் போடியார்தான்.

இனம் ஒரு பக்கம் சாய்ந்தால் வசதியும் அதே பக்கம் சாயும் என்பது வெளியிலிருந்து வந்த கணக்கு. தமிழ்ப் போடியாரும் உண்டு, முஸ்லிம் போடியாரும் உண்டு. கூலிக்காரரும் இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் கதையில் முஸ்லிம் பிள்ளையிடம் காணி இருக்கிறது, ஆனால் காணி கிடக்கிற கரை தமிழ்ப் பிள்ளையுடையது. நாவலின் முழுப் பலமும் அதில்தான் இருக்கிறது.

1990 ஜூன் 11 அளவில் அரசபடைக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டது. பிறகு படுகொலைகள்: முஸ்லிம்களுக்கு ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 11 இரவு ஏறாவூர்; தமிழருக்கு அதே ஆகஸ்டில் வீரமுனை, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். எழுதுகிறவர்கள் இந்தத் திகதிகளில் ஒன்றைப் பிடித்து, ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்து, நட்பை முடித்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த மாரியை யாரும் எழுதுவதில்லை. போடியாருக்குப் படுவான்கரைக்குப் போக வழியில்லை. காணி தரிசாய்க் கிடக்கிறதா, யாராவது விதைத்தார்களா? விதைத்தது முல்லைக்காரர் என்றால் நெல் யாருக்கு? பதினொரு வயதுப் பையன் கூட்டாளியின் வாப்பாவுடைய வயலில் அதே தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மனதில் என்ன ஓடும் என்பதை இரண்டு அத்தியாயம் தாராளமாக எழுதலாம்.

இன்னொன்று. 1990 வரைக்கும் எல்லாரும் ஒற்றுமையாய் இருந்தோம் என்று எழுதாதீர்கள். 1985 ஏப்ரலிலேயே காரைதீவுப் பக்கம் தமிழ், முஸ்லிம் மோதல் வந்துவிட்டது. 1988இல் ஒன்பது வயதான பிள்ளை, வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

மருதமுனை
சாப்பாட்டையும் நாட்காட்டியையும் பற்றி நான் சொல்கிறேன். புத்தாண்டுக்குப் பலகாரம், பெருநாளைக்குச் சோறு என்று கொடுத்து வாங்குகிற காட்சி எல்லா நாவலிலும் வருகிறது. நோன்பு வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். 1990இல் சித்திரைப் புத்தாண்டு நோன்புக்குள்ளேயே விழுந்தது. பெருநாள் ஏப்ரல் கடைசியில்தான். ஆகவே அந்த வருடம் பகல் பன்னிரண்டு மணிக்கு முஸ்லிம் பையன் கொக்கிஸ் பலகாரம் கடிக்கிற காட்சி நிற்காது. பதிலாக இப்படி யோசியுங்கள்: பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு எப்போது கேட்கும் என்று இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். ஏழெட்டு வயதென்றால் அரை நோன்பு பிடித்துவிட்டுப் பகல் லுஹருக்குத் திறந்திருப்பான், அதைப் பெருமையாகவும் சொல்லுவான். தமிழ் வீட்டில் மரக்கறியும் மீனும் தடையில்லை. கோழியென்றால் அறுத்தது யார் என்ற கேள்வி வரும். கல்யாண வீடென்றால் அதற்கென்றே ஒரு முஸ்லிமைக் கூப்பிட்டு அறுப்பித்திருப்பார்கள். பிள்ளைக்கு அந்தச் சட்டம் தெரியும். கேட்கக் கூச்சப்பட்டு 'பசிக்கல்ல' என்று சொல்லுவான்.

பெண் பிள்ளைகளை வைத்து எழுதினால் கலவரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒருத்தி பெரியபிள்ளை ஆனதுமே போக்குவரத்து சுருங்கிவிடும், இரண்டு சமூகத்திலும்தான். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று ஊர்கள் மாறி மாறி ஒட்டிக் கிடக்கிற இடத்தில் கூட்டாளியின் வீடு கூப்பிடு தூரம். ஆனாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவள் கடப்படி (வேலி வாசல்) தாண்டி வரமாட்டாள். கோபம் யார்மீதும் இல்லாத பிரிவு அது. எழுதுவதற்கு அதுதான் கடினம்.

அக்கரைப்பற்று
சுருக்கமாக இரண்டு. கதையைச் சுனாமி வரை நீட்டினால், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயாவும் (பௌர்ணமி விடுமுறை) கூட. வெள்ளைச் சீருடையோடு அலையில் ஓடுகிற பிள்ளைகளை வெட்டிவிடுங்கள்.

மற்றது, வளர்ந்தபின் கூட்டாளியைத் தேடி வருகிற காட்சி. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி. வீடு பெண் பிள்ளைக்கு. ஆண் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். இருபது வருடம் கழித்துப் பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் அங்கே இருப்பது அவனுடைய தங்கச்சியும் மச்சானும். கூட்டாளி வேறு ஊரில், மாமியார் வளவில் இருப்பான். விலாசத்தை மச்சானிடம்தான் கேட்க வேண்டும், மச்சானுக்கோ வந்தவர் யாரென்றே தெரியாது. அந்த உரையாடலை எழுதிப் பாருங்கள். முதல் கேள்வி 'நீங்க எந்த ஊர்?' என்றுதான் வரும்.