பனியில் எந்த ஸ்டவ்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஜனவரியில் உத்தராகண்ட் இமயமலையில் உள்ள கேதார்காந்தா சிகரத்துக்கு மலையேறப் போனோம். சாங்க்ரியிலிருந்து ஏறி ஜூடா கா தாலாப் பக்கத்தில் கூடாரம். விடியற்காலையில் டீ போடலாம் என்று கேஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்தால் அகல் விளக்குத் திரி அளவுக்குத்தான் எரிகிறது. கேனைக் குலுக்கினால் உள்ளே பாதிக்கு மேல் சலசலக்கிறது! விமானம், ரயில் இரண்டிலும் கேஸ் கேன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வழியில் கிடைத்ததை வாங்கியிருந்தோம். அது வெறும் பியூட்டேன். அதன் கொதிநிலை -0.5 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் கேனைக் கழற்றித் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் பிளாஸ்கில் மிச்சமிருந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் ஊற்றி, அதில் கேனை நிறுத்திப் பற்றவைத்தார். சீறிக்கொண்டு எரிந்தது.

•

கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஐசோபியூட்டேன் -12 டிகிரி வரை ஆவியாகும், புரொப்பேன் -42 வரை. இரண்டும் கலந்த கேன்தான் பனிக்கு ஏற்றது. அதிலும் ஒரு சிக்கல்: புரொப்பேன் முதலில் வேகமாகக் காலியாகிவிடும், கடைசிக் கால் பங்கு சோர்ந்துபோய் எரியும். எரிய எரியக் கேனும் சில்லிட்டுப்போகும். அதனால் நான் கேன்மேல் திருகும் ஸ்டவ்வை விட்டுவிட்டு, குழாயோடு தனியாக நிற்பதை வாங்கினேன். குளிர் கூடினால் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடலாம். திரவமாகவே வந்து, தீயை ஒட்டிப்போகும் குழாயில் சூடாகி ஆவியாகும். அந்தக் குழாய் இல்லாத ஸ்டவ்வில் கவிழ்த்தால் தீ குப்பென்று எழும், ஜாக்கிரதை. இரவில் கேன் என்னோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள்தான் தூங்கும்.

•

கேதார்காந்தாவுக்குக் கேஸ் போதும். லடாக்கில் உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணம் போகிறவர்களுக்கு, இரவில் -20க்குக் கீழே இறங்கும்போது, என் ஓட்டு மண்ணெண்ணெய்க்கே. பாட்டி வீட்டில் இருந்த அதே பித்தளை பம்ப் ஸ்டவ் வேலைதான். அழுத்தத்தை நம் கை கொடுக்கிறது, குளிர் அதில் தலையிட முடியாது. பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொளுத்த வேண்டும்; முதலில் மஞ்சளாகக் கரி கக்கும், குழாய் சூடானதும் நீலமாகி இரையத் தொடங்கும். துளை அடைத்தால் குத்திவிட ஊசி அவசியம். பெட்ரோலில் எரிவதும் உண்டு, ஆனால் அந்தக் குளிரில் பெட்ரோல் விரலில் சிந்தினால் தோலே உறைந்துபோகும். கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

•

எல்லோரும் எரிவதைப் பற்றியே பேசுகிறீர்கள், எவ்வளவு எரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பனிக்காலத்தில் ஸ்டவ்வின் முதல் வேலை சமையலே இல்லை, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சுவது. ஒரு கிராம் பனி உருகவே 80 கலோரி வேண்டும். அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் செலவு அது. கோடையில் ஒரு கேன் போதுமென்றால் இங்கே இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டபிறகே பனியை அள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடி கருகித் தண்ணீர் தீய்ந்த வாசம் அடிக்கும். ஸ்டவ் பனிக்குள் இறங்காமல் இருக்க அடியில் ஒரு சின்னப் பலகை. எவ்வளவு குளிர்ந்தாலும் மூடிய கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஸ்டவ்விலேயே இருக்கும் பற்றவைக்கும் பொத்தான் உயரத்தில் பல நேரம் காலை வாரிவிடும். லைட்டரைச் சட்டைப்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.